ரூட் கெனால் முடிந்த அன்றைக்கு ஐஸ் ஒத்தடம் வைப்பது எப்படி?

ரூட் கெனால் முடிந்து நாற்காலியை விட்டு இறங்கும்போது பெரும்பாலானவர்களுக்கு வலி இருக்காது. ஒரு பக்க உதடு தொங்குகிற மாதிரி இருக்கும், தண்ணீர் குடித்தால் ஓரமாக ஒழுகும், பேச்சு கொஞ்சம் குழறும். அவ்வளவுதான். மரத்துப்போகப் போட்ட ஊசி தெளியும்போதுதான் கதையே தொடங்குகிறது. கீழ்த்தாடைப் பல்லுக்குப் போட்ட ஊசி என்றால் உதடும் கன்னமும் தெளிய 3 முதல் 5 மணி நேரம் ஆகலாம். மேல் பல் என்றால் அதற்குச் சற்று முன்பே தெளிந்துவிடும்.

எனக்குக் கீழ்க் கடவாய்ப் பல்லில் செய்தபோது, "வலிச்சா ஐஸ் வெச்சுக்கோங்க" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினார் டாக்டர். எங்கே, எவ்வளவு நேரம், எதில் சுற்றி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசரில் கிடந்த ஜெல் பேக்கை எடுத்து அப்படியே கன்னத்தில் அழுத்திக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கன்னம் இன்னும் மரத்துத்தான் இருந்தது, அதனால் ஒன்றும் உறைக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால் பேக்கின் ஓரம் கோடு போட்ட மாதிரி கன்னத்தில் சிவந்து பதிந்திருந்தது. பல் வலி இரண்டு நாளில் அடங்கியது. தோல் எரிச்சல் ஒரு வாரம் இருந்தது. அந்த ஒற்றை வரிக்கு யாராவது விளக்கம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நரம்பைத்தான் எடுத்துவிட்டார்களே, பிறகு ஏன் வலிக்கிறது?

முதல்முறை செய்துகொள்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி இது. ரூட் கெனாலில் எடுப்பது பல்லுக்குள்ளே இருக்கும் நரம்பையும் ரத்தக் குழாய்களையும் சுமந்துகொண்டிருக்கும் சதையை. பல்லுக்கு வெளியே, வேரையும் தாடை எலும்பையும் இணைத்துப் பிடித்திருக்கிற ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கனம் கால் மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் அதற்குத் தனியாக நரம்புகள் உண்டு, அவற்றை யாரும் எடுப்பதில்லை. சிகிச்சையின்போது மெல்லிய ஊசி போன்ற ஃபைல்கள் வேரின் நுனிவரை போய் வருகின்றன. கழுவும் மருந்தும் சுரண்டிய துகள்களும் மிகச் சிறிய அளவில் நுனியைத் தாண்டிக் கசியலாம். அந்த இடம் புண்ணாகி வீங்குகிறது. வீங்க இடமில்லை, சுற்றிலும் எலும்பு. அதனால் பல் மேலே எழும்பி நிற்கிற மாதிரி ஓர் உணர்வு, கடித்தால் சுருக்கென்று வலி.

இதோடு இன்னும் இரண்டு வலிகள் சேர்ந்துகொள்ளும். ஒரு மணி நேரம் வாயைப் பிளந்து வைத்திருந்ததால் தாடைத் தசை கடுக்கும். ஊசி குத்திய இடமும் வலிக்கும். கீழ்த்தாடைக்குப் போடும் ஊசி வாயின் பின்பக்கத் தசைகளை ஒட்டிப் போவதால், இரண்டு மூன்று நாள் வாயை முழுசாகத் திறக்க முடியாமல் போவதும் உண்டு.

இவை எல்லாம் சேர்ந்து முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம் படுத்தும். இரண்டாம் நாளிலிருந்து இறங்குமுகம். கடிக்கும்போது இலேசான வலி ஒரு வாரம்வரை நீடிக்கலாம். சிகிச்சைக்கு முன்பே தூங்கவிடாத வலி இருந்தவர்களுக்குப் பிறகும் வலி கூடுதலாக இருப்பது வழக்கம். ஆகவே, அடுத்த வீட்டுக்காரர் "எனக்கு வலிக்கவே இல்லையே" என்றால் அதை வைத்து உங்கள் டாக்டரை எடை போட வேண்டாம்.

ஐஸ் என்ன செய்யும், எதைச் செய்யாது

குளிர் பட்டதும் அந்த இடத்தின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. குழாய்களிலிருந்து திசுவுக்குள் கசியும் நீர் குறைகிறது, வீக்கம் மட்டுப்படுகிறது. நரம்பு வழியாக வலிச் செய்தி போகும் வேகமும் குறைகிறது. புண்ணான இடத்தில் நடக்கிற ரசாயன வேலைகள்கூட வெப்பம் குறையக் குறைய மந்தமாகின்றன.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கன்னத்தில் வைக்கிற ஐஸின் குளிர் தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று எல்லாவற்றையும் தாண்டித்தான் வேர் நுனிக்குப் போக வேண்டும். அங்கே போய்ச் சேர்வது கொஞ்சம்தான். கன்ன வீக்கம், தாடைத் தசைக் கடுப்பு, ஊசி போட்ட இடத்து வலி ஆகியவற்றுக்குத்தான் ஒத்தடம் நன்றாகக் கேட்கும். வேர் நுனி வலியையும் ஓரளவு மங்கச் செய்யும், அதன் காரணத்தைத் தீர்க்காது. இது தெரிந்திருந்தால், பதினைந்து நிமிடத்தில் வலி மொத்தமும் போகவில்லையே என்று இன்னும் அழுத்தி, இன்னும் நேரம் கூட்டித் தோலைப் புண்ணாக்கிக்கொள்ள மாட்டோம்.

தொடங்குவதற்கு முன்: உங்களுக்கு ஐஸ் ஆகுமா?

பெரும்பாலானவர்களுக்கு ஆகும். குளிர் பட்டால் விரல்கள் வெளுத்துப்போகும் ரேனாட் கோளாறு இருப்பவர்கள், குளிரில் தோல் தடித்து அரிக்கிறவர்கள், முகத்தின் ஒரு பக்கம் உணர்ச்சி குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் வைக்க வேண்டாம். முகத்தில் மின்சாரம் அடிக்கிற மாதிரி வெட்டி இழுக்கும் முந்நரம்பு வலி இருப்பவர்களும் அப்படித்தான். குளிர் காற்று பட்டாலே அந்த வலி கிளம்பிவிடும். சர்க்கரை நோய் நெடுநாளாக இருந்து தோலில் உணர்ச்சி மங்கியிருந்தாலும் எச்சரிக்கை தேவை. குழந்தைகளுக்கு வைத்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள், பக்கத்திலேயே உட்காருங்கள். மரத்த உதட்டைக் கடித்து விளையாடிப் புண்ணாக்கிக்கொள்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

முதல் வேலை: போகும் முன்பே தயார் செய்து வையுங்கள்

ஊசி தெளிந்து விண் விண் என்று தெறிக்கத் தொடங்கிய பிறகு ஐஸ் டிரேயில் தண்ணீர் ஊற்றுவது வெறுப்பேற்றுகிற வேலை. சிகிச்சைக்குக் கிளம்பும் முன்பே இரண்டு டிரே ஐஸ் உறைய வைத்துவிடுங்கள். கூடவே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை இரண்டு, மெல்லிய பருத்தித் துணி இரண்டு. கைக்குட்டை போதும். தடித்த குளியல் துண்டு வேண்டாம், குளிரை முழுசாகத் தடுத்துவிடும்.

என்ன ஐஸ் என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. கடையில் வாங்கிய ஜெல் பேக் பார்க்க மெத்தென்று சாதுவாக இருக்கும், ஆனால் ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஜெல் பேக் ஐஸைவிட ஆபத்தானது. வீட்டு ஃப்ரீசரின் குளிர் சுமார் மைனஸ் 18 டிகிரி. பேக்கும் அதே அளவுக்குப் போயிருக்கும். உருகிக்கொண்டிருக்கிற சாதாரண ஐஸ் 0 டிகிரியிலேயே நிற்கும், அதற்குக் கீழே போகாது, உருகி முடியும்வரை மேலேயும் ஏறாது. ஒரு கிராம் ஐஸ் உருகச் சுமார் 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதனால்தான் ஒரு கைப்பிடி ஐஸ் ஒரே சீராக நெடுநேரம் குளிர்கிறது. என் ஓட்டு ஐஸுக்குத்தான். ஜெல் பேக்தான் கையில் இருக்கிறது என்றால் ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சில நிமிடம் வெளியே வைத்துவிட்டு, துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றிப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஃப்ரீசரில் வைக்காமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் குளிர வைத்தாலும் போதும்.

ஐஸைப் பையில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் நாலு தட்டுத் தட்டிப் பொடியாக்குங்கள். இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் சேருங்கள். காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். இப்போது பை தொளதொளவென்று ஆகி, தாடையின் வளைவுக்கு ஏற்ற மாதிரி படியும். கட்டி கட்டியாக இருந்தால் இரண்டு இடத்தில் குத்தும், நடுவில் படவே படாது. உறைந்த பட்டாணிப் பொட்டலம் இருந்தால் அதுவும் இப்படியே படியும். ஐஸில் உப்புப் போட்டால் இன்னும் ஜில்லென்று ஆகும் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். உண்மைதான், ஆகும். 0 டிகிரிக்குக் கீழே போய்த் தோலைச் சுட்டுவிடும்.

ஒத்தடம்: எங்கே, எப்படி

துணியை இலேசாக நனைத்துப் பிழிந்து பையைச் சுற்றுங்கள். காய்ந்த துணியைவிட ஈரத் துணி வழியாகக் குளிர் சீக்கிரம் இறங்கும். கன்னம் இன்னும் மரத்திருந்தால் மட்டும் காய்ந்த துணியே போதும். உங்களுக்கு உறைக்காத நேரத்தில் குளிரைக் கூட்ட வேண்டாம்.

சாய்ந்து உட்காருங்கள். கீழ்க் கடவாய்ப் பல் என்றால் தாடை எலும்பின் கீழ் ஓரத்துக்குச் சற்று மேலே, காதுக்குக் கீழிருந்து முன்பக்கமாகப் பை படுக்க வேண்டும். மேல் கடவாய்ப் பல் என்றால் கன்ன எலும்புக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில். முன்பற்கள் என்றால் உதட்டின் மேல் அல்லது முகவாயில், சின்னப் பையாக. காது மடலிலும் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காது மடல் மெல்லியது, குளிரில் முதலில் அடிபடுவது அதுதான். இடத்தைப் பற்றிச் சந்தேகம் என்றால் வலி எந்தப் பல் என்று வாய்க்குள் நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே உயரத்தில் வெளியே விரலை வையுங்கள். அந்த விரல் இருக்கும் இடம்தான் நடுப்புள்ளி.

அழுத்த வேண்டாம். பையின் கனமே போதும். தலையை இலேசாகச் சாய்த்தால் தானாகவே நிற்கும். கையால் பிடித்தே ஆக வேண்டும் என்றால் இன்னொரு துணியால் பிடியுங்கள், விரல் மரத்துப்போய் எரிச்சலில் பையைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

இனி கடிகாரம். முதல் சுற்று 10 நிமிடம் மட்டும். தோல் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்கத்தான். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றும் 15 நிமிடம், நடுவில் குறைந்தது 20 நிமிடம் இடைவெளி. எந்தச் சுற்றும் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். போனில் அலாரம் வைத்துவிடுங்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மனசுக்குள் எண்ணுகிற வழியில்தான் என் கன்னத்தில் கோடு விழுந்தது.

குளிர் உள்ளே இறங்குவதை உணர்ச்சியால் தெரிந்துகொள்ளலாம், ஒரு வரிசையில் வரும். முதலில் ஜில்லென்று இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் குறுகுறுவென்று எரிகிற மாதிரி. அதன் பிறகு உள்ளே ஒரு கடுப்பு. பலர் இந்த இடத்தில்தான் "ஐஸ் வெச்சா வலி கூடுது" என்று எடுத்துவிடுகிறார்கள். இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்தால் நாலாவதாக மரத்துப்போகும். அதுதான் நமக்கு வேண்டியது. மரத்த பிறகு இன்னும் சில நிமிடம் வைத்துவிட்டு எடுங்கள். ஊசியால் ஏற்கெனவே மரத்திருக்கிறவர்களுக்கு இந்த வரிசை தெரியாது, அதனால்தான் அவர்கள் கடிகாரத்தை மட்டும் நம்ப வேண்டும்.

எடுத்ததும் கண்ணாடியில் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி, கால் மணி நேரத்தில் போய்விடும். வெளுத்து மெழுகு பூசினாற்போல் இருந்தாலோ, தொட்டால் விறைப்பாக இருந்தாலோ, திட்டுத் திட்டாக இருந்தாலோ குளிர் அதிகமாகிவிட்டது. அன்றைக்கு ஐஸை நிறுத்திவிடுங்கள். தேய்க்காதீர்கள், சூடும் வைக்காதீர்கள், உள்ளங்கையை மெதுவாக மேலே வைத்துத் தானாகச் சூடேற விடுங்கள். கொப்புளம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

எத்தனை சுற்று? முதல் நாள், விழித்திருக்கிற நேரத்தில் முதல் 6 முதல் 8 மணி நேரம் விடாமல் சுற்று மாற்றி வைத்தால் வீக்கம் கட்டுக்குள் இருக்கும். அப்புறம் வலி தலைதூக்கும்போது மட்டும். 48 மணி நேரத்துக்குப் பிறகு ஐஸால் பெரிய லாபம் இல்லை.

வாய்க்குள் ஐஸ் போடலாமா?

சின்னத் துண்டை வலிக்கிற பக்கத்தில், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துக் கரையவிடலாம். ஊசி தெளிந்த பிறகு மட்டும். ஒரே இடத்தில் நிறுத்தாமல் நாக்கால் நகர்த்திக்கொண்டே இருங்கள். ஐஸ்கிரீம் போன்ற குளிர்ந்த, கடிக்கத் தேவையில்லாத எதுவும் ஆகும். ஆனால் ஐஸைக் கடிக்கக் கூடாது, இதில் சமரசமே இல்லை. பல்லுக்கு மேலே இப்போது இருப்பது பெரும்பாலும் தற்காலிக அடைப்பு. பல்லை மூடிக் காக்கும் உறையான கேப் இன்னும் போடவில்லை. உள்ளே குடைந்து எடுத்த பல்லின் சுவர்கள் முன்போல் வலுவாக இல்லை. ஒரு ஐஸ் கட்டியைக் கடக்கென்று கடித்துப் பல்லைப் பிளந்துகொண்டால், இத்தனை பாடும் வீணாகிப் பல்லைப் பிடுங்குவதில் போய் முடியலாம்.

மாத்திரையும் ஐஸும்

ஐஸ் மாத்திரைக்குப் பதில் இல்லை, துணை. ரூட் கெனால் வலிக்கு டாக்டர்கள் அதிகம் எழுதுவது ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும். இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்வதால் சேர்த்து எடுக்கும்போது தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாகக் கேட்கிறது. முதல் மாத்திரையை ஊசி தெளிவதற்கு முன்பே போட்டுக்கொள்ளலாமா என்று கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். மாத்திரை வேலை செய்யத் தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வலி உச்சிக்குப் போன பிறகு போட்டால் அந்த இடைவெளியில் திண்டாட வேண்டும், அந்த நேரத்தை ஐஸ்தான் நிரப்பும்.

வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, கர்ப்பம், ஆஸ்துமா இவற்றில் எது இருந்தாலும் ஐபுப்ரோஃபெனைச் சொந்த முடிவில் போட வேண்டாம். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு எப்படிப் பார்த்தாலும் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தால் அதற்கும் கீழே. சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

ஆன்டிபயாடிக் வலியைக் குறைக்காது. வீட்டில் பழைய அட்டை மிச்சம் இருக்கிறதே என்று இரண்டு போட்டுக்கொள்வதால் வலிக்கு ஒரு பலனும் இல்லை. கிராம்பு எண்ணெயும் அப்படித்தான். பல்லுக்குள் நரம்பு இருந்தபோது அது உதவியிருக்கலாம், இப்போது உள்ளே மரக்கச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை, ஈறுதான் எரியும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைக்கிற வழக்கம் இன்னும் மோசம், சதையை வெந்த மாதிரி வெள்ளையாக்கிவிடும்.

முதல் இரவு

பகலில் தாங்கக்கூடியதாக இருந்த வலி படுத்ததும் விண் விண் என்று தெறிக்கும். தலை தாழ்ந்தால் அந்தப் பக்கம் ரத்தம் கூடுதலாகத் தேங்குகிறது. தலையணையை இரண்டாக்கி, தலையும் தோளும் உயர்ந்திருக்கும்படி மல்லாந்து படுங்கள், அல்லது வலிக்காத பக்கமாகத் திரும்பிப் படுங்கள். படுக்கும் முன் ஒரு சுற்று ஒத்தடம், நேரப்படி மாத்திரை. பையைக் கன்னத்துக்கும் தலையணைக்கும் நடுவில் செருகிக்கொண்டு தூங்கிவிடாதீர்கள். தூங்கிவிட்டால் அலாரமும் கேட்காது, குளிரும் உறைக்காது. நடு இரவில் எழுந்தால் எழுந்து உட்கார்ந்தே ஒரு சுற்று வைத்துவிட்டுப் படுங்கள்.

ஐஸுக்கு அடங்காத ஒரு வலி

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சும்மா இருந்தால் வலி இல்லை, வாயை மூடிப் பற்கள் சேரும்போது மட்டும் அந்த ஒரு பல் முதலில் இடிக்கிறது, ஒவ்வொரு முறையும் சுருக்கென்கிறது என்றால் அடைப்பு மயிரிழை உயரமாக இருக்கலாம். மரத்திருந்த நேரத்தில் "கடிச்சுப் பாருங்க, சரியா இருக்கா" என்று கேட்டபோது நாமும் தலையாட்டியிருப்போம். நமக்கே தெரிந்திருக்காது. நாள் முழுக்க எச்சில் விழுங்கும்போதெல்லாம் பற்கள் தொட்டுக்கொள்கின்றன. புண்ணான நார்ப்படலத்தில் ஒவ்வொரு தடவையும் ஓர் அடி விழுகிறது. இதற்கு எத்தனை பை ஐஸ் வைத்தாலும் பலன் தற்காலிகம்தான். டாக்டரிடம் போனால் நீல நிறத் தாளைக் கடிக்கச் சொல்லி, மை பட்ட இடத்தைத் துளி தேய்த்துவிடுவார். ஐந்து நிமிட வேலை, பலருக்கு அன்றைக்கே நிம்மதி வந்துவிடும்.

எப்போது ஐஸைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுக்க வேண்டும்

வலி இரண்டு நாள் கழித்தும் குறையாமல் ஏறிக்கொண்டே போனால், வீக்கம் நாளுக்கு நாள் பெரிதானால், காய்ச்சல் வந்தால், அடைப்பு கழன்றுவிட்டால், உடம்பில் தடிப்பும் அரிப்பும் வந்தால் டாக்டரை அழையுங்கள். எந்தப் பல், எப்போது சிகிச்சை, வீக்கம் எப்போது தொடங்கியது, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு பேசினால் அவருக்கு வேலை எளிது.

நாக்குக்கு அடியிலோ முகவாய்க்குக் கீழோ வீங்கி, விழுங்க முடியாமல் எச்சில் வழிந்தால், மூச்சு விடச் சிரமமாக இருந்தால், வீக்கம் ஏறிக் கண்ணை மூடினால் பல் மருத்துவமனை திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போக வேண்டும். அங்கே தாமதிக்க நேரமில்லை.

மூன்றாம் நாளிலிருந்து

இரண்டு நாள் முடிந்து, வீக்கம் இறங்கி, தாடை இறுக்கம் மட்டும் மிஞ்சியிருந்தால் இனி வெந்நீர்த் துணி. பொறுக்கக்கூடிய சூட்டில் நனைத்துப் பிழிந்து, தாடைத் தசையின் மேல் 10 அல்லது 15 நிமிடம். பல்லைக் கடிக்கும்போது காதுக்கு முன்னால் புடைக்கிறதே, அந்தத் தசை. பிறகு வாயை மெதுவாகத் திறந்து மூடிப் பழக்குங்கள், பலவந்தப்படுத்த வேண்டாம். வீக்கம் இன்னும் இருந்தாலோ, சீழ் என்று சந்தேகம் இருந்தாலோ சூடு வைக்கக் கூடாது.

டாக்டரே உள்ளே வைக்கும் குளிர்

கன்னத்து ஐஸ் வேர் நுனிக்குச் சரியாகப் போவதில்லை என்று முன்னால் சொன்னேன் இல்லையா? பல் மருத்துவர்களுக்கும் அந்த யோசனை வந்திருக்கிறது. குளிரை வெளியிலிருந்து அனுப்பாமல் பல்லின் உள்ளிருந்தே அனுப்பினால் என்ன? வேர்க் குழாய்களைச் சுத்தம் செய்து முடித்து, அடைப்பதற்கு முன், சுமார் 2.5 டிகிரிக்குக் குளிர வைத்த கிருமி நீக்கிய உப்புநீரை மெல்லிய ஊசி வழியாக உள்ளே விட்டுக் கழுவுகிறார்கள். பெரும்பாலும் 5 நிமிடம். பிடுங்கிய பற்களை வைத்து நடத்தி 2015-ல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனையில், இப்படிக் கழுவும்போது வேரின் வெளிப்பரப்பு வெப்பம் 10 டிகிரிக்கு மேல் இறங்கி, சில நிமிடம் அப்படியே நின்றது. பிறகு நோயாளிகளிடம் செய்த ஆய்வுகளில் பலவும் சிகிச்சைக்குப் பிந்தைய வலி, முக்கியமாக முதல் ஒரு நாளில், குறைவாக இருந்ததாகச் சொல்கின்றன. ஏற்கெனவே நல்ல வலியோடு வருகிறவர்களுக்கு இது கேட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று. ஃப்ரிட்ஜில் வைத்த உப்புநீர் என்பதால் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அதே நேரம் எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாகச் செய்வதும் இல்லை. உங்களுக்கு இன்னொரு அமர்வு பாக்கி இருந்தால், "அடைப்பதற்கு முன் குளிர்ந்த சலைனால் கழுவ முடியுமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை. அவர் அதைச் செய்யாதவர் என்றால் வற்புறுத்தவும் வேண்டாம். குழாயை நன்றாகச் சுத்தம் செய்து அடைப்பதுதான் முதன்மை, மற்றது கூடுதல்.

குளிர் சொல்லும் இன்னொரு சேதி

வலியெல்லாம் அடங்கி ஒரு வாரம் பத்து நாள் கழித்து, குளிர்ந்த தண்ணீர் குடிக்கும்போது ரூட் கெனால் செய்த பல் கூசுகிற மாதிரி தோன்றினால் கவனியுங்கள். நரம்பு எடுத்த பல்லுக்குக் குளிர் தெரியக் கூடாது. பெரும்பாலும் அது பக்கத்துப் பல்லாக இருக்கும், வாய்க்குள் இடம் மாறித் தெரிவது சகஜம். ஆனால் சில சமயம் ஒரு குழாய் கண்ணில் படாமல் விடுபட்டிருக்கவும் வாய்ப்புண்டு. மேல்தாடையின் முதல் பெரிய கடவாய்ப் பல்லில் நாலாவதாக ஒரு மெல்லிய குழாய் அடிக்கடி இருக்கும், விட்டுப்போவதும் அதிகம் அதுதான். டாக்டர் பஞ்சில் குளிர் மருந்தைப் பீய்ச்சி ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்ப்பார். எந்தப் பல்லில் பஞ்சு படும்போது கூசுகிறது, பஞ்சை எடுத்த பிறகு எத்தனை விநாடி நிற்கிறது என்று கேட்பார். அப்போது சும்மா "ஆமாம்" என்று தலையாட்டாமல், கூச்சம் தொடங்கும்போது கையைத் தூக்கி, நின்றதும் இறக்குங்கள்.